குழலும் செவியும்

மருத்துவர் ஒருவரை வரைந்து காட்டுக என்றால், சிறு பிள்ளையும் முதலில் வரைவது அவர் கழுத்தில் தொங்கும் கருங்குழலையே. ஊசியையோ மருந்துப் புட்டியையோ அது நினைப்பதில்லை. ஸ்டெதாஸ்கோப் என்னும் அக்குழல் மருத்துவத் தொழிலுக்கே அடையாளமாகிவிட்டது. வழக்கறிஞர்க்குக் கரிய மேலங்கி எவ்வாறோ, அவ்வாறே மருத்துவர்க்கு இக்குழல்.

அதனை நெஞ்சில் வைத்த அளவிலேயே நோய் இன்னது என்று அது மருத்துவரிடம் சொல்லிவிடும் என நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மையில் அக்குழல் யாதொன்றும் சொல்வதில்லை. நெஞ்சுக்குள் எழும் ஒலியை வெளி ஓசைகளோடு பெரிதும் கலவாதபடி காதுக்குக் கொண்டு செல்வதே அதன் தொழில். அவ்வொலியின் பொருளை உணர்தல், கேட்பவருடைய செவியும் அறிவும் கூடிச் செய்யவேண்டிய வேலை. நீங்களோ நானோ அதனைக் காதில் மாட்டிக்கொண்டால், 'லப் டப்' என்னும் இரட்டையொலி மட்டுமே கேட்கும். செவி பழகாத மருத்துவர்க்கும் ஏறக்குறைய அவ்வளவே கேட்கும். இதனை நாம் எளிதில் நம்பமாட்டோம். ஆயினும் இது மெய்; இதனை அளந்தும் பார்த்திருக்கின்றனர். அதனைக் கூறுமுன், இக்குழல் உண்டான வரலாற்றைச் சிறிது காண்போம்.

கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பண்டை நூல்களிலேயே, நோயாளியின் விலாவில் காதை வைத்துக் கேட்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஆனால் பல நூற்றாண்டுகள் அம்முறையைப் பெரிதாக எவரும் வளர்க்கவில்லை. பின்னர் ஆஸ்திரியா நாட்டுக் கிராத்சு நகரில், 1722-ஆம் ஆண்டு, விடுதிக்காரர் ஒருவரின் மகனாக லியோபால்டு ஆவன்புருக்கர் என்பவர் பிறந்தார். மதுப் பீப்பாயைத் தட்டிப் பார்த்து, ஒலி மாறும் இடத்தைக் கொண்டு உள்ளே மது எம்மட்டில் நிற்கிறது என்று அறியும் வழக்கத்தை அவர் இளமையிலேயே கண்டிருந்தார் என்பர். மருத்துவரான பின் அவர் வியன்னா நகர மருத்துவமனையில் நோயாளிகளின் மார்பை விரல் நுனியால் தட்டிக் கேட்டார். காற்று நிறைந்த நுரையீரல் ஒருவகையாக ஒலித்தது. நீர் தேங்கிய இடம் மந்தமாக ஒலித்தது. 1761-ஆம் ஆண்டில் இதனை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். மருத்துவ உலகம் அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நெப்போலியனுக்கு மருத்துவராயிருந்த கோர்விசார் என்பவர் 1808-ஆம் ஆண்டு அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்த பின்னரே அதன் அருமை தெரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஆவன்புருக்கர் காலமானார்.

நம் ஊர்ச் சந்தையில் மண்பானை வாங்கும் மூதாட்டி, அதனை விரலால் சுண்டிப் பார்த்து, காதருகே கொண்டு சென்று கேட்பதைக் கண்டிருப்பீர்கள். கண்ணுக்குப் புலப்படாத விரிசல் அம்மூதாட்டியின் காதுக்குப் புலப்படும். விற்பவனும் அதனை அறிவான். ஆதலால் அவள் தட்டும்போது அவன் வாய் பேசாதிருப்பான். உடலின் உட்புறத்தைப் பிளவாமலே அறிவதற்கு ஆவன்புருக்கர் கண்ட வழியும் இதுவே.

கோர்விசாரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் லாயனெக் என்பவர். அவர் 1781-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில் பிரிட்டனி மாகாணத்துக் கெம்பேர் என்னும் ஊரிற் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். அவ்வம்மையாரைக் கொண்டு சென்றது எலும்புருக்கி நோய். நாந்த் நகரில் மருத்துவராயிருந்த சிற்றப்பன் அவரை வளர்த்து, தம் தொழிலிலும் ஈடுபடுத்தினார். லாயனெக் மெலிந்த உடலினர். புல்லாங்குழல் வாசிப்பதில் விருப்பமுடையவர். 1816-ஆம் ஆண்டு பாரிசு நகரத்து நெக்கர் மருத்துவமனையில் பணி ஏற்றார்.

அவ்வாண்டில் இளம்பெண் ஒருத்தி இதய நோய்க்குரிய குறிகளோடு அவரிடம் வந்தாள். உடல் பருத்திருந்தமையால் தட்டிப் பார்த்ததில் பயன் விளையவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்கலாமோ எனின், அவள் இளமையும் பெண்மையும் அதற்கு இடந்தரவில்லை. அப்போது அவருக்கு ஒலி நூலின் எளிய உண்மை ஒன்று நினைவுக்கு வந்தது. நீண்ட மரத்துண்டின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்தவர்க்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கும். (உங்கள் வகுப்பு மேசையிலேயே இதனைச் செய்து பார்க்கலாம்; கீறல் விழாமற் செய்க.) உடனே அவர் காகிதத் தாள்கள் சிலவற்றை எடுத்து இறுகச் சுருட்டி, ஒரு முனையை அப்பெண்ணின் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்டிருந்தாலும் அவ்வளவு தெளிவாகக் கேட்டிராத வகையில் இதயத்தின் துடிப்பு அவருக்குக் கேட்டது. வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே எய்தினார்.

காகிதச் சுருளினின்று மரக்குழல் பிறந்தது. அஃது ஏறக்குறைய ஓரடி நீளமுள்ளது, நடுவே துளையுடையது, லாயனெக்கே கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்தது. மார்பு என்றும் ஆய்ந்து பார்த்தல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஸ்டெதாஸ்கோப் என்று பெயரிட்டார். இரு காதிலும் மாட்டும் வளைகுழல் வடிவம் இதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேல் கழித்தே வந்தது.

குழலைச் செய்தது ஒரு நாள் வேலை. அதனாற் கேட்கப் பழகியதோ மூன்றாண்டு வேலை. லாயனெக்கின் பெருமை இவ்விரண்டாவதிலேயே உள்ளது என்பது என் கருத்து. நாள்தோறும் நெக்கர் மருத்துவமனையின் படுக்கைதோறும் சென்று கேட்டார். கேட்டவற்றை எழுதி வைத்தார். நோயாளி இறந்துவிட்டால், உடலை அறுத்து, தாம் முன்பு கேட்ட ஒலிக்கும் உள்ளே கண்ட கேட்டிற்கும் உள்ள பொருத்தத்தை நோக்கினார். பொருந்தாத இடத்தில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தம் செவிக்குத் தாமே ஆசிரியராகி, இறந்தோர் உடலையே விடைத்தாளாகக் கொண்டு பயின்றார் எனலாம்.

அவர் கேட்ட ஒலிகளுக்கு அதற்கு முன் பெயரே இல்லை. பெயரில்லாத ஒன்றைப் பிறர்க்கு எவ்வாறு கற்பிப்பது? ஆதலால் எல்லாரும் அறிந்த ஒலிகளை உவமையாக்கினார். நுரையீரலழற்சியின் தொடக்கத்தில் மூச்சை உள்ளிழுக்கும்போது கேட்கும் நுண்ணொலியை, சூடேறிய சட்டியில் இட்ட உப்பு பொரிவது போன்றது என்றார். நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நீர் கோத்த நோயாளி பேசும்போது, குழல் வழியே கேட்கும் குரல் ஆடு கத்துவது போலிருந்தது. அவ்வொலிக்கு 'ஆட்டுக்குரல்' என்று பொருள்படும் பெயரையே வைத்தார். நுரையீரலிற் குழி விழுந்தவர் மார்பைத் தட்டுகையில் எழும் ஒலி, விரிசல் விட்ட பானையின் ஒலி என்று குறிக்கப்பெற்றது. நம் மூதாட்டியின் பானை பாரிசு நகரத்திலும் இருந்திருக்கிறது! இவற்றையெல்லாம் தொகுத்து 1819-ஆம் ஆண்டில் இரண்டு பகுதிகளாக நூல் வெளியிட்டார்.

அத்துணை நுண்ணிய செவியுடையவரும் ஓரிடத்திற் பிழைபட்டார். இதயத்தின் இரண்டாம் ஒலி, மேலறைகள் சுருங்குவதனால் எழுகிறது என்று அவர் கொண்டார். அது சரியன்று எனப் பின் வந்தோர் காட்டினர். கேட்டதில் அவர் தவறவில்லை. கேட்டதற்குக் காரணம் கற்பித்ததில் தவறினார். கேட்டல் வேறு, பொருள் உணர்தல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இனி, அந்த 'லப் டப்' யாது என்று காண்போம். இதயத்தில் மேலறை இரண்டு, கீழறை இரண்டு. குருதி ஒரு திசையிலேயே செல்லும்படி நான்கு வால்வுகள் ஒருவழிக் கதவுகளாக அமைந்துள்ளன. கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட கதவுகள் இரண்டும் மூடுகின்றன, அதுவே முதலொலி. கீழறைகள் தளரும்போது, பெருங்குழாய்களின் வாயிலில் உள்ள கதவுகள் இரண்டும் மூடுகின்றன. அஃது இரண்டாம் ஒலி. உடல்நலமுடையார்க்கு இவ்விரண்டுக்கும் இடையே அமைதி நிலவும்.

வயலுக்கு நீர் பாயும் மதகைப் பார்த்திருப்பீர்கள். பலகையை முற்றும் தூக்கிவிட்டால் நீர் அரவமின்றி ஓடும். சிறிதே தூக்கினால் இரைந்துகொண்டு பீறிடும். நன்றாக மூடாவிட்டால் அடிவழியே சீறிக் கசியும். இதயத்தின் கதவுகளும் அத்தகையனவே. ஒரு கதவு தடித்துச் சுருங்கி முழுதும் திறவாவிடினும், இடுக்கின்றி மூடாவிடினும், அமைதியாயிருக்க வேண்டிய இடைவெளியில் ஓர் இரைச்சல் கேட்கும். மருத்துவர் இதனை முணுமுணுப்பொலி என்பர். அவ்வொலி முதலொலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் இடையே எழுகிறதா, இரண்டாம் ஒலிக்கும் அடுத்த முதலொலிக்கும் இடையே எழுகிறதா, எவ்விடத்தில் மிகுதியாகக் கேட்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பவற்றைக் கொண்டே எக்கதவு எவ்வகையிற் கெட்டது என்று தெளிவர். கேடு இல்லாத பிள்ளைகளிடத்தும் சிற்சில வேளை மெல்லிய முணுமுணுப்பு கேட்பதுண்டு. அதனைத் தீதற்றது என்று அறிந்து, பெற்றோரை வீணே கலங்கச் செய்யாமல் அனுப்புவதும் செவித் திறனே.

இஃது ஏன் அரிதாயிற்று? நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு ஒரு நொடிப் பொழுதும் முழுதாக இல்லை. அதற்குள் இரண்டு ஒலிகளையும் இரண்டு இடைவெளிகளையும் தனித்தனியே பிரித்துக் கேட்டாகவேண்டும். இரண்டாம் ஒலியே உண்மையில் இரண்டு கதவுகளின் ஒலி. மூச்சை உள்ளிழுக்கும்போது அவை ஒரு நொடியை நூறு கூறிட்டதில் மூன்று நான்கு கூறளவே விலகி ஒலிக்கும். அவ்விலகல் மூச்சோடு கூடிக் குறையாமல் எப்போதும் ஒரே அளவாயிருப்பின், மேலறைகளின் இடைச்சுவரில் துளை உண்டோ என்று ஐயுறவேண்டும். மேலும், இதய ஒலிகளுட் பல மிகத் தாழ்ந்த சுருதியுடையன. மனிதச் செவி தாழ்ந்த சுருதியை நன்கு வாங்குவதில்லை.

கருவியைக் கையாளுவதிலும் முறை உண்டு. காதில் மாட்டும் முனைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். செவித்துளை அவ்வாறு அமைந்திருப்பதே காரணம். நெஞ்சில் வைக்கும் தலைக்கு இரண்டு முகங்கள் உண்டு. சவ்வு போர்த்த தட்டை முகம் உயர்ந்த சுருதிக்கு உரியது. அதனை அழுத்தி வைக்கவேண்டும். மணி போன்ற குழிந்த முகம் தாழ்ந்த சுருதிக்கு உரியது. அதனை மெல்லத் தொட்டாற்போல் வைக்கவேண்டும். அழுத்தினால் அடியிலுள்ள தோலே சவ்வுபோல் இறுகித் தாழ்ந்த ஒலியை மறைத்துவிடும். நெஞ்சில் நான்கு இடங்களிலேனும் வைத்துக் கேட்கவேண்டும். சில ஒலிகள் நோயாளி இடப்புறம் சாய்ந்து படுத்தாலன்றிக் கேளா. சில, அவர் எழுந்து அமர்ந்து முன்னே குனிந்து மூச்சை விட்டு நிறுத்தினாலன்றிக் கேளா. சட்டையின் மேல் வைத்தால் துணி உராயும் ஓசையே மிஞ்சும்.

இவையனைத்தும் நூலைப் படித்து அறியத்தக்கவை. ஆனால் நூலறிவு காதுக்குள் இறங்குவதில்லை. தமிழாசிரியனாகிய எனக்கு இது நன்கு தெரியும். புதிதாக வகுப்பிற்கு வரும் சிறுவர் சிலர்க்கு 'வாழை' என்பதும் 'வாளை' என்பதும் ஒன்றுபோலவே கேட்கும். அவர்கள் காதில் கோளாறு யாதும் இல்லை. இரண்டும் வேறு என்பதை அவர்கள் செவிக்கு எவரும் பழக்கவில்லை, அவ்வளவே. நாக்கின் நிலையைப் படம் வரைந்து காட்டினாலும் பயன் சிறிதே. நாள்தோறும் பலமுறை சொல்லிக் கேட்பித்தால் ஒரு நாள் திடீரென்று வேறுபாடு புலப்பட்டுவிடும். புலப்பட்ட பின், முன்பு எவ்வாறு கேளாதிருந்தோம் என்று அவர்களே வியப்பர்.

2009-ஆம் ஆண்டு நான் பணியாற்றிய பள்ளியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவாள். உடற்பயிற்சி நேரத்தில் ஒதுங்கி நிற்பாள். சோம்பல் என்று நாங்கள் நினைத்தோம், நானும் கடிந்ததுண்டு. அதற்கு முந்திய ஆண்டு பள்ளி மருத்துவ ஆய்வின்போது மருத்துவர் ஒருவர் அவள் மார்பில் குழலை வைத்துக் கேட்டு, குறையில்லை என்றே எழுதிச் சென்றிருந்தார். ஒரு முற்பகலில் அறுபது பிள்ளைகளைப் பார்த்தாகவேண்டிய நிலை அவர்க்கு. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தனர். குழல் சட்டையின் மேலேயே இருந்தது.

அவ்வாண்டு வந்தவர் முதிய மருத்துவர். உடன் பயிற்சி மருத்துவர் ஒருவரும் வந்திருந்தார். அம்மாணவியின் நாடியைப் பிடித்துச் சிறிது நேரம் இருந்த முதியவர், முதலில் தலைமையாசிரியரிடம் சொல்லியனுப்பி வாய்ப்பாட்டை நிறுத்தினார். ஆசிரியை ஒருவரைத் துணைக்கு அழைத்து, அறைக் கதவைச் சாத்தினார். அவளைத் தாழ்வாரத்தில் இருமுறை விரைந்து நடந்து வரச் செய்து, பலகையில் இடப்புறமாய்ச் சாய்ந்து படுக்கச் சொல்லி, குழலின் மணி முகத்தை மெல்ல வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நிமிடம் சென்றிருக்கும். பின்னர் இளைஞரை அழைத்து, "கேளுங்கள் தம்பி" என்றார். அவர் கேட்டுவிட்டு, "ஒன்றும் தெரியவில்லை ஐயா" என்றார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கின்றேன். முதியவர் சினக்கவில்லை. இளைஞர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தம் விரலால் பலகையின் விளிம்பில் தாளமிட்டார்: லப், டப், அதன்பின் மெல்லிய உருளலாக ஒரு 'தர்ர்ர்'. மிருதங்க ஆசிரியர் மாணவனுக்குச் சொற்கட்டுச் சொல்வது போலவே இருந்தது. நாலைந்து முறைக்குப் பின் இளைஞர் முகம் மாறியது. "கேட்கிறது ஐயா, கேட்கிறது!" என்றார். இது பின்னர் அவ்வாசிரியை எனக்குக் கூறியது.

அம்மாணவிக்குச் சிறு வயதில் தொண்டையழற்சியைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து, மூட்டு வலியோடு போய்விட்டதென்று வீட்டார் இருந்துவிட்டனர். தொண்டையில் நுண்கிருமி உண்டாக்கும் இந்நோய் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளையே பெரிதும் பற்றும். மூட்டை வருத்திவிட்டு நீங்கும், இதயத்தின் வால்வைப் பற்றிக்கொண்டு நீங்காது. இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட வால்வு அவளுக்குச் சுருங்கியிருந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினர். தொடைக் குருதிக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையிலுள்ள பலூனை விரித்து, அவ்வால்வை அகலப்படுத்தினர். காய்ச்சல் மீண்டும் வாராதிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஓர் ஆண்டு பிந்தியது. மேலும் பல ஆண்டுகள் பிந்தியிருந்தால், மகப்பேற்றுக் காலத்தில் அவள் உயிருக்கே இடர் நேர்ந்திருக்கக்கூடும் என்று பின்னர் அறிந்தேன்.

முந்திய ஆண்டு வந்தவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. அவர்க்கு எவரேனும் விரலால் தாளமிட்டுக் காட்டியிருந்தனரா என்பதே கேள்வி. அமெரிக்க நாட்டில் 1993-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பொது மருத்துவ மேற்பயிற்சி அளிக்கும் நிறுவனங்களுள் நூற்றுக்கு 27 மட்டுமே இதயவொலி கேட்டலை முறையாகக் கற்பித்தன என்று காட்டியது. 1997-ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வு வெளியாயிற்று. பயிற்சியிலிருந்த மருத்துவர் 453 பேர்க்கும் மருத்துவ மாணவர் 88 பேர்க்கும் நோயாளிகளிடம் பதிவு செய்த 12 இதய ஒலிகளைக் கேட்பித்து, இன்னது என்று சொல்லச் செய்தனர். ஐந்தில் ஒரு பங்கே சரியான விடையாயிருந்தது. வினாத்தாளில் நூற்றுக்கு இருபது வாங்கினால் உங்களை மேல்வகுப்புக்கு அனுப்புவரா?

இதற்கு மருந்தும் அந்நாட்டிலேயே கண்டனர். பிலடெல்பியா நகரத்து டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பாரெட் என்னும் இதய மருத்துவரும் அவர் குழுவினரும், அடிப்படையான நான்கு முணுமுணுப்பொலிகளையும் ஒவ்வொன்றும் 500 முறை ஒலிக்கும்படி பதிவு செய்து மாணவர்க்குக் கேட்பித்தனர். முடிவை 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முன்பு நூற்றுக்கு ஏறக்குறைய 13 விடைகளே சரியாயிருந்த அம்மாணவர்க்குப் பின்னர் 85 அளவுக்குச் சரியாயின. ஒரு முறை கேட்டு விளக்கமும் பெற்றவர்கள் அவ்வாறு தேறவில்லை. பின்னர்த் தொழில் நடத்தும் மருத்துவரிடம் இம்முறையைச் செய்து பார்த்தபோதும் திறன் ஏறக்குறைய இருமடங்காயிற்று. பாடத்தை இருமுறை கேட்டால் பிழை பெரிதும் நீங்கும், மும்முறை கேட்டால் பிறர்க்கு உரைக்கவும் வல்லவனாவான் என்பது நன்னூலார் கருத்து. அவர் சொல்லைக் கற்பித்தவர். மும்முறை போதும் என்றார். பொருளற்ற ஓசைபோல் வந்து நொடியில் மறையும் ஒலிக்கு ஐந்நூறு முறை வேண்டியிருக்கிறது.

இக்காலத்தில் இத்துணை உழைப்பு எதற்கு, இயந்திரம் இல்லையா என்று நீங்கள் வினவலாம். வினவத்தக்கதே. சுவீடன் நாட்டு லுண்டு நகரில் 1953-ஆம் ஆண்டு எட்லர், எர்ட்சு என்னும் இருவர், காதுக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, மீளும் எதிரொலியைக் கொண்டு இதயத்தின் அசைவை அறியும் முறையைத் தொடங்கினர். அதன் வளர்ச்சியே இன்று 'எக்கோ' எனப்படும் சோதனை. வால்வு திறந்து மூடுவதைத் திரையிலேயே காணலாம். குழலால் காணாதவற்றையும் அது காட்டும். கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ருமாட்டிக் இதய நோய் உடையவராக, ஆயிரவருள் இருவர் மூவரையே குழல் கொண்டு கேட்கும் முறை காட்டிற்று. எக்கோ சோதனை இருபது முதல் முப்பது பேரைக் காட்டிற்று. பத்து மடங்கு வேறுபாடு! சில வால்வுகள் ஒலியெழுப்பாமலே கெடுகின்றன என்பது இதனால் விளங்கும். குழலே போதும் என்று பெருமை பேசும் முதியவர்களோடு நான் சேரமாட்டேன்.

எனினும் அவ்வியந்திரம் எல்லாச் சிற்றூரிலும் இல்லை. எல்லாரையும் அதன் முன் நிறுத்தவும் இயலாது. எவரை அதன்பால் அனுப்புவது என்று முதலில் தெரிவது பெரும்பாலும் ஒருவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்கும் அந்த நிமிடத்தில்தான். இரவில் மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவரும் தாய்க்கு, அது மூச்சுக்குழல் சுருங்கிய இளைப்பின் சீழ்க்கையொலியா, நிமோனியாவின் பொரியொலியா என்று அப்பொழுதே தெரியவேண்டும். அங்கே இருப்பது மருத்துவரும் அவர் கழுத்திலுள்ள குழலுமே.

ஆகவே பயிற்றும் வழிகள் பல வகுக்கப்பட்டுள்ளன. ஒரே தலையில் இரண்டு காதிணைகள் பொருந்திய குழல் உண்டு. ஆசிரியரும் மாணவரும் ஒரே துடிப்பை ஒரே வேளையிற் கேட்கலாம். அமெரிக்க நாட்டு மயாமி பல்கலைக்கழகத்தில் 1968-ஆம் ஆண்டில் 'ஆர்வி' என்னும் மனிதப் பொம்மையைச் செய்தனர். இதய ஒலி கற்பிப்பதிற் பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதன் நெஞ்சில் பல நோய்களின் ஒலியையும் வேண்டியவாறு எழுப்பலாம். எத்தனை மாணவர் கேட்டாலும் அது களைப்படையாது. பதிவு செய்த ஒலிகளும் எளிதிற் கிடைக்கின்றன. எனினும் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஈடாக இவற்றைக் கருதுவாரிலர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த கே. வி. திருவேங்கடம் அவர்களை, அவரிடம் பயின்றோர் இன்றும் போற்றுவது அவ்வகைக் கற்பித்தலுக்காகவே.

லாயனெக்கும் அவ்வாறு கற்பித்தவரே. அவர் நோயாளிகளைப் பார்த்து வரும்போது பிற நாட்டு மாணவரும் உடன் சென்றனர். அவர்களோடு சென்று கேட்கப் பழகியவருள் அவர் உறவினரான மேரியாதெக் என்னும் இளைஞரும் ஒருவர். ஆண்டுகள் செல்லச் செல்ல லாயனெக்குக்கு இருமலும் காய்ச்சலும் மிகுந்தன. 1826-ஆம் ஆண்டு, தம் மார்பில் குழலை வைத்துக் கேட்டு, கேட்டதை உள்ளவாறு சொல்லும்படி மேரியாதெக்கிடம் கூறினார். இளைஞர் கேட்டார், மறைக்காமற் சொன்னார். அவர் சொன்ன ஒலிகள், லாயனெக் எத்தனையோ பேர் நெஞ்சிற் கேட்டு, எலும்புருக்கி நோயின் குறி என்று தம் நூலில் எழுதி வைத்தவையே. லாயனெக் பாரிசை விட்டுப் பிரிட்டனியிலுள்ள தம் இல்லத்திற்குச் சென்று, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள், தம் நாற்பத்தைந்தாம் வயதில் இறந்தார். தம் ஏடுகளையும் கைக்கடிகாரத்தையும் மேரியாதெக்குக்கு எழுதி வைத்தார். அவற்றோடு, தாம் கொடுப்பவற்றுள் மிக உயர்ந்ததாகக் கருதிய தம் மரக்குழலையும் கொடுத்தார்.